லாரியாகப் பிறந்த லேண்ட் குரூசர்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டொயோட்டா லேண்ட் குரூசர் வண்டிகள் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்கும் என்கிறார்களே, இதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு? (வாசகர், ஓசூர்)

பதில்: பெரும்பகுதி உண்மைதான். காரணத்தை அறிய 1951ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில், ஜப்பானில் புதிதாக அமைந்திருந்த காவல் சேமப்படைக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள் தேவைப்பட்டன. டொயோட்டா நிறுவனம் தன் 1 டன் லாரியின் சேஸியை (அடிச்சட்டத்தை) எடுத்து, அதைவிடப் பெரிய லாரிக்கென்று செய்த 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை அதில் பொருத்தி, ‘டொயோட்டா ஜீப் பிஜே’ என்று பெயரிட்டது. ஒப்பந்தம் என்னவோ வில்லிஸ் ஜீப்புக்குத்தான் போயிற்று. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் இச்சிரோ தைரா என்னும் சோதனை ஓட்டுநர் ஃபூஜி மலையின் ஆறாம் நிலை வரை அவ்வண்டியை ஓட்டி ஏற்றிக் காட்ட, காவல்துறை 289 வண்டிகளுக்கு ஆணை கொடுத்தது. ‘ஜீப்’ என்பது வில்லிஸின் வணிகப்பெயர் ஆதலால், 1954இல் தொழில்நுட்ப இயக்குநர் ஹான்ஜி உமேஹாரா இதற்கு லேண்ட் குரூசர் என்று பெயர் சூட்டினார். பிரிட்டனின் லேண்ட் ரோவருக்குக் குறையாத கம்பீரம் பெயரிலும் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினாராம்.

ஆக, இது கரடுமுரடான பாதைக்காகத் தடிப்பாக்கப்பட்ட கார் அன்று. உடல் சிறுத்த லாரி. இன்றைய கார்கள் பலவற்றில் உடற்கூடே சேஸியின் வேலையையும் செய்கிறது. லேண்ட் குரூசரிலோ ஏணி போன்ற எஃகுச் சட்டம் தனியாக அடியில் கிடக்க, கூடு அதன்மேல் அமர்ந்திருக்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது ஏற்படும் முறுக்கலைச் சட்டம் வாங்கிக்கொள்வதால் கூட்டுக்குச் சேதம் குறைவு. கூடு நசுங்கினாலும் சட்டம் நேராக இருக்கும்வரை வண்டியை மீட்டுவிடலாம்.

இன்னொரு காரணம், என் கணிப்பில் இதைவிட முக்கியமானது, எஞ்சினைக் கசக்கிப் பிழியாமை. 1990இல் வந்த ‘1எச்இசட்’ டீசல் எஞ்சின் 4.2 லிட்டர் கொள்ளளவு உடையது, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தி வலுவைக் கூட்டும் கருவி) கிடையாது, தருவது ஏறக்குறைய 130 குதிரைத்திறன் மட்டுமே. 2021இல் அறிமுகமான 300 வரிசை லேண்ட் குரூசரின் 3.3 லிட்டர் டீசல் எஞ்சின் 300க்கும் மேல் தருகிறது. பழையதை மந்தமானது என்று குறை கூறுவோர் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் தன் வலுவில் பாதியை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கும் எஞ்சின் தேய்வதற்கு நெடுங்காலம் ஆகும்.

கேள்வி: புதிய வண்டிகள் இருக்க, தொண்டு நிறுவனங்களும் ஆஸ்திரேலியச் சுரங்கங்களும் ஏன் இன்னும் பழைய பாணியிலான 70 வரிசையை வாங்குகின்றன? (வாசகர், கோவை)

பதில்: 40 வரிசை 1960 முதல் 1984 வரை தயாரானது, அதன் இடத்தில் வந்த 70 வரிசை இன்றும் தயாராகிறது. 1999இல் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங் வந்தது. பின்புறத்தில் லாரியைப் போன்ற பிளேட் ஸ்பிரிங்தான் இன்றைக்கும். இப்படிப் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாதிருப்பதால், ஓர் ஊரில் உதிரிபாகம் கிடைக்காவிட்டாலும் பழுதான பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம். உள்ளூர் மெக்கானிக்குக் கணினி இல்லாமலே கை பழகியிருக்கும். தரங்குறைந்த டீசலைப் புதிய எஞ்சின்களில் எரிபொருளைத் தெளிக்கும் நுண்ணிய இன்ஜெக்டர்கள் தாங்கமாட்டா. 70 வரிசையில் பொருத்தப்படும் 1எச்இசட் எஞ்சினின் இயந்திரப் பம்பு ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் உறவோ இன்னும் பழையது: 1950களின் பிற்பகுதியில், பனிமலைப் பகுதியில் நடந்த மாபெரும் நீர்மின் திட்டப் பணிக்காக லெஸ்லி தீஸ் என்ற ஒப்பந்ததாரர் இவ்வண்டிகளை அங்கு இறக்குமதி செய்தார். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்றைப் பெற்ற, தடுப்பூசிகளைக் குளிர்நிலையில் எடுத்துச் செல்லும் வண்டியும் இந்த 70 வரிசையில் அமைந்ததே.

கேள்வி: பழைய லேண்ட் குரூசர் ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் சத்தம் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். பழைய லேண்ட் குரூசர்களுக்கு முதல் எதிரி துரு. கடற்காற்று வீசும் ஊரில் சொல்லவே வேண்டாம். வண்டியை உயர்த்தி நிறுத்தி, சட்டத்தின் உட்பக்கத்தையும், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொருக்கு உதிர்ந்து முனை உள்ளே இறங்கினால், எஞ்சின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சட்டம் உறுதியாக இருந்து எஞ்சின் மட்டும் புகைக்கிறதென்றால், அந்தச் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக் கேட்கலாம்.