இரண்டு பக்க கோல் போஸ்ட்டையும் காத்த அணி: தகுதிச் சுற்று பற்றிக் கேள்வி பதில்

உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்ற வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 2026 உலகக் கோப்பைக்கு 32 அணிகள் 48 ஆகிவிட்டன. இனி தகுதிச் சுற்றெல்லாம் ஒப்புக்குத்தானே?

பதில்: தென் அமெரிக்காவைப் பொறுத்தவரை ஏறக்குறைய அப்படித்தான். பத்தே நாடுகள், ஆளுக்கு 18 ஆட்டம். ஆறு பேர் நேராக உள்ளே, ஏழாவது ஆளுக்கும் பிளே-ஆஃப், அதாவது மிச்ச இடத்துக்கு இன்னொரு வாய்ப்பு. ஈக்வடாருக்கு ஆரம்பத்திலேயே மூன்று புள்ளி வெட்டினார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்தது. ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. ஒன்பது குரூப், முதலிடத்துக்கு மட்டுமே நேரடி டிக்கெட். கேப் வெர்டே என்ற தீவு நாடு முதலிடம் பிடித்தது. எட்டு உலகக் கோப்பை ஆடிய கேமரூன் பிளே-ஆஃபுக்குப் போய் அங்கேயும் தோற்றது.

கேள்வி: ஆசியாவுக்கு நேரடியாக எட்டு இடம் கொடுத்தும் ஏன் இத்தனை புலம்பல்?

பதில்: எண்ணிக்கையில் குறையில்லை, அட்டவணையில்தான் கோளாறு. ஆறு இடம் நிரம்பிய பிறகு மீதி இரண்டு இடத்துக்கு ஆறு அணிகள். மூன்று மூன்றாகப் பிரித்து, ஒரு குரூப்பைக் கத்தாரிலும் மற்றதைச் சவூதியிலும் வைத்தார்கள். இந்த இரண்டுமே போட்டியில் இருந்த அணிகள்! தேதியையும் பாருங்கள். 2025 அக்டோபரில் கத்தாரும் சவூதியும் ஆடியது 8, 14. அமீரகமும் ஈராக்கும் ஆடியது 11, 14. சொந்த ஊர்க்காரனுக்கு நடுவில் ஐந்து முழு நாள் ஓய்வு, விருந்தாளிக்கு இரண்டே நாள். கடைசி ஆட்டத்தில் ஈராக் சவூதியுடன் 0-0. இருவருக்கும் நான்கு புள்ளி, கோல் வித்தியாசமும் சமம். இந்தோனேசியாவைச் சவூதி 3-2 என்றும் ஈராக் 1-0 என்றும் வென்றிருந்ததால், அதிக கோல் கணக்கில் சவூதி உள்ளே போனது. பொது மைதானம் கிடைக்காவிட்டால் போகிறது, ஓய்வு நாளையாவது சமமாகப் பிரித்திருக்கலாம்.

கேள்வி: கோல் வித்தியாசம், நேருக்கு நேர் என்று எந்த விதி வைத்தால் என்ன? ஆடுகிறவன் ஜெயிப்பான்.

பதில்: 1994 ஜனவரியில் கரீபியன் கோப்பைத் தகுதிச் சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். பார்படோஸ், கிரனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த கட்டம். கூடுதல் நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தையே முடித்துவிடும் கோல்டன் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு என்று எந்தப் புண்ணியவானோ ஒரு விதி எழுதியிருந்தார். பார்படோஸ் 2-0 முன்னிலை. 83-ஆவது நிமிடம் கிரனடா ஒன்று அடிக்க 2-1. இருக்கிற சில நிமிடத்தில் இன்னொன்று அடிப்பது கஷ்டம், கூடுதல் நேரத்துக்குப் போனால் ஒரே கோலில் காரியம் முடியும் என்று கணக்குப் போட்ட பார்படோஸ், வேண்டுமென்றே சேம் சைடு கோல் போட்டது. 2-2. கிரனடாவுக்கு அப்புறம்தான் உறைத்தது: ஒரே கோலில் தோற்றாலும் போதும், இந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் அடித்தாலும் தகுதி நமக்குத்தான்! அவர்கள் தங்கள் சொந்த போஸ்ட்டை நோக்கியும் ஓட, பார்படோஸ் வீரர்கள் இரண்டு பக்கமும் நின்று தடுத்தார்கள். கடைசியில் கோல்டன் கோல் அடித்து பார்படோஸ் 4-2. யாரும் விதியை மீறவில்லை. விதி எழுதுகிறவர்கள் முதலில் அதை எப்படிச் சுரண்டலாம் என்று ஒரு பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.

கேள்வி: சான் மரினோ மாதிரி அணிகளுக்கு முன்-தகுதிச் சுற்று வைத்தால் என்ன?

பதில்: வைக்கலாம். சான் மரினோ இதுவரை வென்ற ஆட்டங்கள் எல்லாமே லிக்டன்ஸ்டைனுக்கு எதிராகத்தான். அவர்களும் சம பலத்தோடு ஆட ஆசைப்படத்தானே செய்வார்கள்? ஆனால் ஆசியா வைத்திருக்கும் முறை வேண்டாம். 2023-இல் இலங்கை ஏமனிடம் 3-0 தோற்றது, கொழும்பில் 1-1 டிரா. இரண்டே ஆட்டத்தில் அவர்களுடைய 2026 உலகக் கோப்பை முடிந்தது. நான்கைந்து சிறிய அணிகளைச் சேர்த்து லீகாக நடத்தினால் ஆறேழு ஆட்டமாவது மிஞ்சும்.

கேள்வி: 140 கோடி பேர் உள்ள இந்தியாவுக்கு ஓர் இடம் ஒதுக்கக் கூடாதா?

பதில்: கூடாது! ஒன்றரை லட்சம் பேர் உள்ள குராசோ கிங்ஸ்டன் போய் ஜமைக்காவுடன் டிரா செய்து தகுதி பெற்றது.

கேள்வி: அப்போ தோஹாவில் நம்மை ஏமாற்றியதற்கு என்ன பதில்?

பதில்: அதில் உங்கள் பக்கம்தான் நான். 2024 ஜூன், கத்தாருடன் 1-0 முன்னிலை. பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனதை டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அதைக் கத்தார் உள்ளே இழுத்து அடித்த கோலை நடுவர் கொடுத்துவிட்டார். அந்தச் சுற்றில் விஏஆர் (வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் முறை) கிடையாது. 2-1 தோல்வி, வெளியேற்றம். ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பும் ஆட்டத்துக்கு விஏஆர் இருந்தே ஆக வேண்டும். அதே நேரம், அதற்கு மூன்று மாதம் முன்பு குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 தோற்றதற்கு எந்த நடுவரும் காரணமில்லை.

கேள்வி: இதெல்லாம் பேசி என்ன பயன்? பிஃபா கேட்குமா?

பதில்: ஒருமுறை கேட்டது. 1966-இல் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடம். ஆப்பிரிக்க நாடுகள் ஆடவே மாட்டோம் என்று ஒதுங்கின. கடைசியில் மிஞ்சியது வட கொரியாவும் ஆஸ்திரேலியாவும். புனோம் பென்னில் 6-1, 3-1 என்று வென்று வட கொரியா இங்கிலாந்து போய் இத்தாலியையே வீழ்த்தியது. அடுத்த உலகக் கோப்பைக்கு ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் வந்தது. 1970-இல் அதில் மெக்சிகோ போனது மொராக்கோ.