தாகம்தான் முதலில் வரும்: கிரிபாஸ் தீவுகள் பற்றிய கேள்வி பதில்

பசிபிக் கடலில் உள்ள கிரிபாஸ் நாட்டில், தெற்குத் தராவாவில், இரண்டு வருடம் குடிநீர்த் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன். அதைப் பற்றி நான் இரண்டு வரி எழுதியதற்கே நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கார்த்திக்: கிரிபாட்டி என்றுதானே படித்திருக்கிறோம் அண்ணா? எவ்வளவு பெரிய நாடு?

எழுத்தைப் பார்த்துப் படித்தால் கிரிபாட்டிதான் வரும். அவர்கள் நெடுங்கணக்கில் 'ஸ்' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, t, i என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். கில்பர்ட்ஸ் என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர்தான் அந்த ஊர் நாக்கில் கிரிபாஸ் ஆனது. மொத்தம் 33 தீவுகள், நிலம் 811 சதுர கி.மீ. ஆனால் அவர்களுக்கு உரிமையுள்ள கடல் சுமார் 35 லட்சம் சதுர கி.மீ., இந்தியாவின் நிலப்பரப்பை விட அதிகம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,20,000-க்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிப் பேருக்கு மேல் தெற்குத் தராவா என்ற ஒரே ஒல்லியான நிலத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். சாலையில் நின்றால் பல இடங்களில் இரண்டு பக்கமும் கடல் தெரியும்.

செல்வராணி: சுற்றிலும் கடல். கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தானே வரும்? எப்படி இத்தனை காலம் வாழ்ந்தார்கள்?

நான் சொல்ல வந்ததே இதைத்தான். பவள மணல் மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கீழே கடல்நீர் இருக்கும். நல்ல தண்ணீர் எடை குறைவானது, அதனால் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். தீவின் நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும், கண்ணாடி வில்லை போல இருக்கும். இரண்டு மூன்று மீட்டர் தோண்டினாலே கிடைத்துவிடும். மெதுவாக எடுத்தால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டுப் பெரிய பம்பு போட்டு இழுத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவிடும்.

முன்பெல்லாம் ஆட்கள் குறைவு, தண்ணீர் போதுமாக இருந்தது. இப்போது அதே மணலில்தான் கிணறு, கழிப்பறைக் குழி, பன்றிக் கொட்டில், கல்லறை எல்லாம். நான் தங்கியிருந்த வீட்டின் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலுக்கும் இடையே பத்தடிகூட இருக்காது. கொட்டிலில் விழுந்தது எல்லாம் மழையோடு எங்கே போகும்? குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். குழாய்த் தண்ணீர் பொன்ரிகி பக்கம் பாதுகாத்து வைத்திருக்கும் நிலத்தடி நீரிலிருந்து வருகிறது. நான் இருந்தபோது ஒன்றுவிட்டு ஒரு நாள், சில மணி நேரம்தான் வரும். அந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் அங்கே குடியிருக்கவோ பயிர் வைக்கவோ முடியாது. அரசு வாடகை தருகிறது, ஆனாலும் மனக்குறை தீரவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அப்புறம் பாபாய். நம் சேப்பங்கிழங்குக்கு உறவுள்ள பெரிய கிழங்கு. நிலத்தடி நீர் தொடும்வரை குழி வெட்டி அதற்குள் வளர்ப்பார்கள். விளைய வருடக்கணக்கில் ஆகும், விருந்துக்கும் விசேஷத்துக்கும் அதுதான் மரியாதை. ஒரு பாட்டி என்னைத் தன் குழிக்கு அழைத்துப் போனார். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. அவர் இறங்கி, தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் அப்படியே செய்யச் சொன்னார். கரித்தது. முந்தைய பௌர்ணமிப் பெருக்கில் அலை உள்ளே ஏறியிருக்கிறது.

இம்ரான்: தீவுகள் சுருங்கவில்லை, வளர்கின்றன என்று ஒரு ஆய்வு சொல்கிறதாமே? அப்படியென்றால் பயம் எதற்கு?

அந்த ஆய்வு உண்மைதான். பக்கத்து நாடான துவாலுவில் 1971 முதல் 2014 வரை மொத்த நிலம் 2.9 சதவீதம் கூடியிருக்கிறது. பவளத்திட்டிலிருந்து அலை மணலையும் கல்லையும் கொண்டுவந்து கரையில் போடும், ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் சேர்க்கும். ஆனால் வீடு அரிக்கும் பக்கத்தில் இருந்தால் என்ன செய்வது? பரப்பு கூடினாலும் கிணறு கரித்துப்போனால் அங்கே குடியிருக்க முடியாது. நிலத்தை மட்டும் அளந்து பார்த்து நிம்மதி அடையக்கூடாது.

மாலதி: அவ்வளவு கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது. அப்புறம் ஏன் ஏழை நாடு?

மீனால்தான் அரசே நடக்கிறது. 1982-ல் நவுரு ஒப்பந்தம் போட்டுப் பக்கத்து நாடுகளோடு சேர்ந்துகொண்டார்கள். அந்த நாடுகள் வெளிநாட்டுச் சூரை மீன் கப்பல்களுக்கு மீன்பிடிக்கும் நாட்களைக் கணக்குப் போட்டு விற்கின்றன. தனித்தனியாகப் பேரம் பேசிய காலத்தில் ஏமாந்ததுதான் மிச்சம். நான் பார்த்தவரை அந்த வட்டாரத்தின் மிகப் பெரிய வெற்றி இது.

சிக்கல் என்னவென்றால், சூரை மீன் ஓரிடத்தில் நிற்காது. நடு, கிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் கிழக்கே கிரிபாஸ் பக்கம் வரும், பணம் கொட்டும். அதே கடல் குளிரும் லா நினா வந்தால் மீன் மேற்கே போய்விடும், அதே சமயம் தராவாவில் மழையும் பொய்க்கும். வருமானமும் தண்ணீரும் ஒன்றாகக் குறையும். 2022-ல் வறட்சிக்காக அரசு பேரிடர் நிலை அறிவித்தது. இதைப் போன்ற இழப்புகளைத் தாங்கத்தான் 1956-லேயே ஒரு சேமிப்பு நிதி தொடங்கினார்கள், அவர்களுடைய பனாபா தீவில் உரத்துக்காக வெட்டிய பாஸ்பேட் வருமானத்தில். அந்தச் சுரங்கம் 1979-ல் முடிந்துபோனது.

பிரபு: சொந்தமாகக் கடை வைத்து முன்னேற முடியாதா சார்?

அங்கே 'புபுடி' என்று ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் வந்து ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்வது பெரிய அவமானம். என் தெருவில் ஒருவர் அரிசி, சர்க்கரை, டின் மீன் வைத்துக் கடை போட்டார். நாலு மாதத்தில் அலமாரி காலி. வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் இதை வளர்ச்சிக்குத் தடை என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கடைக்காரர் வீட்டில் பையனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, தெருவே மாற்றி மாற்றிச் சோறு கொண்டுவந்தது. காப்பீட்டுக் கம்பெனி எட்டிப்பார்க்காத ஊரில் காப்பீடு அதுதான்.

தேன்மொழி: குப்பையை எங்கே போடுவார்கள்?

இடமே இல்லை, அதுதான் கஷ்டம். ஆனால் 'காவோகி மாங்கே' என்று ஒரு நல்ல திட்டம் இருக்கிறது. குப்பையைத் திருப்பிக் கொடு என்று அர்த்தம். பானங்கள் இறக்குமதியாகும்போதே கேனுக்கும் பாட்டிலுக்கும் சில்லறைக் காசு வைப்புத்தொகையாக வாங்கிவிடுவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். சாக்கு நிறையக் கேன்களோடு வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

ஜெயக்குமார்: ஃபிஜியில் நிலம் வாங்கினார்களே, எல்லோரும் அங்கே போய்விடலாமே?

அனோட்டே டாங் அதிபராக இருந்தபோது, 2014-ல், வனுவா லேவு தீவில் சுமார் 20 சதுர கி.மீ. வாங்கினார்கள். துவாலுக்காரர்களுக்கு ஆஸ்திரேலியா, ஒப்பந்தப்படி, வருடத்துக்கு 280 பேர் வரை குடியேற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் 'போய்விடலாமே' என்ற சொல்லைப் பனாபா மக்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தீவை வெள்ளைக்காரர்கள் பாஸ்பேட்டுக்காகத் தோண்டினார்கள், 1945 டிசம்பரில் அவர்களை ஃபிஜியின் ராபி தீவில் இறக்கிவிட்டார்கள். புயல் காலத்தில், கூடாரங்களில். போக நினைப்பவருக்கு வழி வேண்டும், இருக்க நினைப்பவருக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் தவறே இல்லை.

அருள்: நானும் தண்ணீர் வேலைக்கு அங்கே போகப்போகிறேன். என்ன எடுத்துப் போகட்டும் அண்ணா?

ரொம்ப சந்தோஷம் தம்பி. பம்புக்கு வாஷர், சீல் எல்லாம் இரண்டு செட் எடுத்துக்கொள். உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக நாங்கள் அடுத்த சரக்குக் கப்பல் வரும்வரை பம்பை நிறுத்தி வைத்திருந்தோம். போனதும் முதலில் 'மானேயபா'வுக்குப் போ, அது ஊர்ப் பொதுமண்டபம். பாயில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திரு. பாதி நாள்கூட ஆகலாம். குழாய் யார் நிலத்தின் வழியாகப் போகலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு மண்வெட்டியை எடு.