பட்டியலில் தெரிகிற பெயர் யாருடையது?

புது ப்ளூடூத் இயர்போன் என் போனின் பட்டியலில் வரவே இல்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். இயர்போன் எந்நேரமும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்காது. இணைக்கும் நிலைக்குப் போனால்தான் சொல்லும். விளக்கு வேகமாக மின்னும்வரை பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். வீட்டில் வேறு யாராவது முன்பே இணைத்திருந்தால் அது அவர் போனுக்குத்தான் முதலில் ஓடும். அதில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் 100 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அடுத்த அறைக்குப் போனாலே பாட்டு அறுந்துவிடுகிறது.

அந்த 100 மீட்டர் தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. சுவரும் மனித உடம்பும் ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைக் குடித்துவிடும். ஸ்பீக்கர் அனுப்பும் அலை எவ்வளவு வலுவாக இருந்தாலும், உங்கள் போனின் பதில் அதுவரை போய்ச் சேர வேண்டுமே! பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டதற்குத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, திருப்பிக் கேளுங்கள்.

என் ஸ்பீக்கரில் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டு ஒலிக்கிறது. அவர் வேண்டுமென்று செய்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. அவரிடமும் அதே மாடல் இருந்தால் இரண்டும் ஒரே பெயரில் தெரியும். அவர் தன்னுடையது என்று நினைத்து உங்களுடையதைத் தொட்டிருப்பார்.

எனக்கும் இது நடந்தது. பொத்தான் இல்லாத ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். மின்சாரம் கொடுத்தாலே யார் வேண்டுமானாலும் இணையலாம். நள்ளிரவில் யாரோ ஒருவர் பாட்டுப் போட, குழந்தை அலறி எழுந்தது. மறுநாள் அதைத் தூக்கிப் போட்டேன்.

நடுவில் ரவுட்டர் இல்லாமல் கருவிகள் நேரடியாகச் சந்திக்கும்போது, யார் யார் என்று சொல்ல மூன்றாவது ஆள் கிடையாது. கருவி தன் பெயரைத் தானே அறிவிக்கிறது. போன் அதை அப்படியே காட்டுகிறது. 2007இல் வந்த ப்ளூடூத் 2.1, திரையோ எண்பலகையோ இல்லாத கருவிகள் எண் கேட்காமலே இணைய வழி செய்தது. அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கதவை உரிமையாளர் பொத்தானை அழுத்தும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். ஒரு பொத்தானை மிச்சம் பிடித்துக் கதவை எந்நேரமும் திறந்து வைப்பது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். பெயரோடு ப்ளூடூத் முகவரியின் (கருவியை அடையாளம் காட்டும் குறியீட்டின்) கடைசி நான்கு எழுத்துகளைச் சேர்த்து, அதையே அடியில் ஒட்டினால் பாதிக் குழப்பம் தீரும். அதற்குமா மனம் வராது?

வாங்கும்போது இரண்டு போன்களைக் கொண்டுபோங்கள். முதலாவதை இணைத்துத் துண்டியுங்கள். பொத்தானைத் தொடாமல் இரண்டாவது போன் இணைந்துவிட்டால் அந்தப் பொருள் வேண்டாம். உங்களுடையதில் பெயர் மாற்ற வசதி இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

வாடகைக் காரில் போனை இணைத்தேன். ஏதோ எண் வந்தது, பார்க்காமல் 'சரி' கொடுத்தேன். அடுத்து ஏதோ அனுமதி கேட்டது, அதற்கும் 'சரி'. என் தொடர்பு எண்களெல்லாம் காரில் இருக்குமா?

இருக்கலாம். இரண்டு திரையிலும் அதே ஆறு இலக்கம் இருக்கிறதா என்று ஒப்பிடத்தான் அந்த எண். அடுத்து வந்தது தொடர்புகளைக் கேட்ட அனுமதி. இரண்டையும் படிக்காமல் விட்டுவிட்டு இப்போது கேட்கிறீர்கள். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் பட்டியலிலிருந்து உங்கள் போனை அழியுங்கள். போனில் மட்டும் அழித்தால் போதாது.

சுற்றியுள்ள ஒவ்வொரு போனும் யாருடையது என்று காட்டும் ஆப் காசுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். இன்றைய போன்கள் தங்கள் ப்ளூடூத் முகவரியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. அதை வைத்து எது யாருடையது என்று அந்த ஆப்பால் சொல்ல முடியாது.

பழைய பை ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து 'தெரியாத டிராக்கர் உங்களோடு நகர்கிறது' என்று போன் எச்சரிக்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் வரத்தான் செய்யும். உங்கள் மேல் தவறில்லை. டிராக்கர் என்பது தான் இருக்கும் இடத்தை உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி. ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் இந்த எச்சரிக்கையை ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் பொதுவாகக் கொண்டுவந்தன. எச்சரிக்கையைத் தொட்டு டிராக்கரை ஒலிக்கச் செய்யுங்கள். பையின் உள்துணியையும் தடவிப் பாருங்கள். கிடைத்ததும் வரிசை எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, விற்றவரிடம் கேளுங்கள். மறந்து விட்டிருந்தால் அவர் தன் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மழுப்பினால், அல்லது உங்களைத் தொடர யாருக்காவது காரணம் இருக்கிறது என்று தோன்றினால், டிராக்கரோடு நேரே காவல் நிலையம் போங்கள். பேட்டரியைக் கழற்றினால் அது உங்கள் இடத்தைச் சொல்வது நின்றுவிடும். ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.