மெட்டல் டிராக் மட்டும் போதுமா?

கேள்வி: என் 1/16 அளவு ரிமோட் டைகர் (இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி) மாடலுக்கு மெட்டல் டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் உலோகப் பட்டை) மாட்டலாமா? நண்பர் தந்த, ரப்பர் விளிம்பு இல்லாத ஸ்டீல் சக்கரங்களும் இருக்கின்றன.

பதில்: மாட்டலாம், ஆனால் டிராக்கை மட்டும் மாற்றாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மொட்டைமாடியில் இரண்டாவது திருப்பத்திலேயே 'கரக் கரக்' என்று சத்தம். திறந்து பார்த்தால் கியர்பாக்ஸுக்குள் வெள்ளைத் தூள்; பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. டிராக்கை இழுக்கும் முன்பக்கப் பல்சக்கரம், பின்னால் சுழலும் சக்கரம், கியர்பாக்ஸ் மூன்றையும் சேர்த்தே உலோகத்துக்கு மாற்றுங்கள். ரொம்ப இறுக்கவும் வேண்டாம். டைகரின் டிராக் மேல்பக்கம் சக்கரங்கள்மீது சற்றுத் தொய்ந்து படுத்திருக்கும். அதுதான் அழகு, மோட்டாருக்கும் நிம்மதி.

அப்புறம் அந்த ஸ்டீல் சக்கரங்கள். நிஜ டைகரில் அவை வந்தது 1944 தொடக்கத்தில்தான். உங்கள் டாங்கியில் கமாண்டர் தலை நீட்டும் பகுதி உயரமான டப்பா மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அது 1943 நடுப்பகுதிக்கு முந்தைய வடிவம். அதோடு ஸ்டீல் சக்கரங்களைச் சேர்த்தால் ஓடும், சரி. ஆனால் விவரம் தெரிந்தவர் கண்ணை உறுத்தும். ஸ்டீல் சக்கரம் மாட்டுவதானால், அந்தப் பகுதிக்கும் பெரிஸ்கோப் (உள்ளிருந்தே வெளியே பார்க்கும் கருவி) வைத்த, உயரம் குறைந்த பிந்தைய வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள்.