வரைபடம் சரி, வீட்டில் பேஸ் மட்டும் ஏன் இப்படி?

தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எவ்வளவு சத்தம் தருகிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தில் நேர்கோடாக இருந்த ஸ்பீக்கரை நம்பி வாங்கினேன், வீட்டில் பேஸ் (தாழ்ந்த ஒலி) கும்மென்று அடைக்கிறது, நண்பரின் பழைய ஸ்பீக்கரே தேவலை என்று எழுதியிருக்கிறீர்கள். அளவீட்டை உடனே குறை சொல்லிவிடாதீர்கள். அந்த வரைபடத்தில் அறையின் பாதிப்பு இருக்காது. வீட்டிலோ சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு அறையுடையதுதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 3 மீட்டர் என்றால் 57 ஹெர்ட்ஸ் பக்கம், உட்காரும் இடத்தைப் பொறுத்து, சத்தத்தில் ஒரு வீக்கமோ பள்ளமோ வரும், எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் வரும். முதலில் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள், அப்புறம் நாற்காலியை அரை மீட்டர் முன்னே நகர்த்தி, பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனியாகப் பிரிகிறதா என்று கவனியுங்கள்.

நண்பருடையதோடு ஒப்பிட்டீர்களே, இரண்டின் சத்தமும் சமமா? ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரே அறையில், சத்தத்தை அளந்து சமமாக்கி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். 1980களில் கனடாவில் ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் இப்படி மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது, பெரும்பாலோருக்குப் பிடித்தவை நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் சீராக அளவு காட்டியவைதான். உங்கள் ஸ்பீக்கரின் பக்கவாட்டு வரைபடம் கிடைத்தால் போடுங்கள், பார்க்கிறேன்.