லைசென்ஷியேட் படியுங்கள், ஆனால் அக்காவுக்காக இன்னொரு தடவை நகையை வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 37, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். குருமடத்தில் சேர்ந்து மெய்யியலும் இறையியலும் முடித்து எஸ்.டி.பி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் வாங்கினேன். குருப்பட்டத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். இப்போது தனியார் பள்ளி ஆசிரியர், சம்பளம் 31,000. மனைவி புதுச்சேரியில் நர்ஸ், 24,000. நான்கு வயதில் ஒரு மகள். இறையியலில் லைசென்ஷியேட் என்ற இரண்டு வருட மேல்பட்டமும் பிறகு முனைவர் பட்டமும் படிக்க ஆசை. பெங்களூரு என்றால் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,60,000 ஆகும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ரோமுக்குப் போக 18 லட்சம் கல்விக்கடன் தருவதாக ஒரு நிதி நிறுவனம் சொல்கிறது. மேல்படிப்புக்கு என்று மாதம் 8,000 கட்டும் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த) பாலிசி ஒன்றும் போன வாரம் எடுத்தேன். அக்கா கணவரின் கடைக்காக மனைவியின் நகையை அடகு வைத்ததில் 5 லட்சம் கடன் இருக்கிறது. அக்கா எடுத்துவிட்ட சீட்டுக்கும் மாதம் 5,000 நான்தான் கட்டுகிறேன், இன்னும் பத்து மாதம் பாக்கி. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் ஒன்றரை லட்சம் கிடைக்கும், வாங்கிக் கொடு என்கிறார். கல்விக்கடனா, பாலிசியா, எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது கடைசி மூன்று வரிகள்தான். அவற்றைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளின்படி அந்த நகைக்கு முதலில் வாங்கியது 2 லட்சம். அடுத்து 3,20,000 ஆகி, இப்போது 5 லட்சத்தில் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் வட்டியை மட்டும் கட்டி, நகையைத் திருப்பியதாகக் காட்டி, ஏறிய விலைக்கு மறுபடி வைத்திருக்கிறீர்கள். நகை ஒரு கிராம்கூடக் கூடவில்லை, கடன் மட்டும் இரண்டரை மடங்கு ஆகியிருக்கிறது. 15 சதவிகித வட்டிக்கு வருடம் 75,000, மாதம் 6,250. அதோடு சீட்டுக்கு 5,000 சேர்த்தால் மாதம் 11,250. சீட்டு பத்து மாதத்தில் முடிந்துவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு 2,00,000. பெங்களூரில் இரண்டு வருடம் படிக்க நீங்கள் போட்டிருக்கும் கணக்கே 3,20,000தான்.

'சாமியாருக்குப் படிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தவன், வீட்டுக்கு இதையாவது செய்ய வேண்டாமா' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. குருமடத்தை விட்டு வந்தது யாருக்கும் நீங்கள் பட்ட கடன் இல்லை. அதை நினைத்து அக்காவிடம் முடியாது என்று சொல்லத் தயங்குகிறீர்கள், அதற்கு உங்கள் மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அந்த நகை அவருடையது. இந்த மூன்று தடவையில் அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதலில் அவரிடம் கேளுங்கள்.

ரோம் கடனை ஒரே கணக்கில் முடித்துவிடலாம். 18 லட்சம், 11 சதவிகிதம். படிக்கும் இரண்டு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பணத்தைப் பகுதி பகுதியாக வாங்கினாலும் கடன் சுமார் 22.5 லட்சம் ஆகிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 31,000 வேண்டும். உங்கள் இன்றைய சம்பளம் அப்படியே போய்விடும், அதுவும் திரும்பி வந்ததும் வேலை கிடைத்தால். ரோமுக்குப் போகும் குருக்களை ஆயரோ துறவற சபையோ செலவு செய்து அனுப்புகிறது. குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்கு அந்த ஏற்பாடு இல்லை. லைசென்ஷியேட் இருந்தால் குருமடத்தில் கற்பிக்கலாம், திருப்பீடப் புலங்களில், அதாவது வத்திக்கான் அங்கீகாரத்தோடு பட்டம் தரும் கல்லூரிகளில், பேராசிரியராக முனைவர் பட்டம் வேண்டும். இந்த இடங்களில் குடும்பஸ்தர்களுக்குக் கிடைப்பவை கொஞ்சம்தான், பள்ளியிலும் இதற்காகச் சம்பளம் ஏறாது. சம்பளத்தை ஏற்றாத படிப்பைக் கடன் வாங்கிப் படிக்கக் கூடாது. இறையியல் படிக்கவே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. உதவித்தொகையோடு ரோம் வாய்ப்பு வந்தால் சந்தோஷமாகப் போங்கள். பொதுநிலையினர் சேரத் திருச்சபை அதிகாரியின் பரிந்துரைக் கடிதம் எப்படியும் கேட்பார்கள். அதற்காகப் பங்குத்தந்தையையும் பேராயர் இல்லத்தையும் பார்க்கப் போகும்போதே உதவித்தொகையைப் பற்றியும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

பெங்களூரு நடக்கக்கூடியதுதான், இந்த வருடம் இல்லை. அங்கே பெரிய செலவு கட்டணம் இல்லை, நீங்கள் விடப்போகும் சம்பளம். 24 மாதத்துக்கு 7,44,000. அந்த இரண்டு வருடமும் வீடு மனைவியின் 24,000இல் ஓட வேண்டும். வாடகை 9,000, நகை வட்டி 6,250, சீட்டு 5,000 போக, சீட்டு முடியும்வரை மிச்சம் 3,750. அதில் தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வரும் ஒரு பெண்ணும் குழந்தையும் சாப்பிட முடியாது. நகைக் கடனும் சீட்டும் இல்லாவிட்டால் கையில் 15,000 நிற்கும். கஷ்டம்தான், ஆனாலும் சமாளிக்கலாம்.

அதனால் அடகு நிறுவனத்திலிருந்து நகைக் கடனைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றுங்கள். சுமார் 10 சதவிகிதத்துக்குக் கிடைத்தால் வருடத்துக்கு 25,000 மிச்சம். இப்போது வட்டிக்குப் போகும் 6,250ஓடு பாலிசிக்கு ஒதுக்கிய 8,000ஐயும் சேர்த்து மாதம் 14,250 கட்டுங்கள். பத்து மாதம் கழித்துச் சீட்டு முடிந்ததும் அந்த 5,000ஐயும் இதில் போடுங்கள். தோராயமாக 33 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மனைவிக்குச் சம்மதம் என்றால் கொஞ்சம் நகையை விற்றுக் கடனைக் குறைக்கலாம், காலமும் குறையும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். பிறகு படிப்புக்கான 3,20,000ஐச் சேருங்கள். அக்கா சீட்டுப் பணத்தைத் தானே கட்ட முன்வந்தால் எல்லாமே சீக்கிரம் நடக்கும், கேட்டுப் பாருங்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லத்தீனைத் தூசி தட்டுங்கள். புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறது, பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள். 1776இல் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை இங்கே பொறுப்பேற்றதிலிருந்து நம் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தை (பேராயரின் ஆளுகைப் பகுதியை) பற்றிய எழுத்துகள் எத்தனையோ பிரெஞ்சில் கிடக்கின்றன. இந்த ஊரில் வளர்ந்து இறையியலும் தெரிந்த ஒருவர் அவற்றை வைத்து ஆய்வேடு எழுதினால் வாசிக்க எனக்கு ஆசை.

அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: 'அந்த நகைமேல் இனி ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன் அக்கா, இருக்கும் கடனை அடைக்கிறேன்.' மாமாவின் கடையைப் பற்றி விவாதத்தில் இறங்க வேண்டாம். அந்தப் பேச்சில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள்.

அப்புறம் பாலிசி. யூலிப்பில் ஐந்து வருடத்துக்குப் பணத்தைத் தொட முடியாது, உங்களுக்கோ மூன்று நான்கு வருடத்தில் தேவை. 'மேல்படிப்புத் திட்டம்' என்று பெயர் வைத்துவிட்டதால் மட்டும் அது மேல்படிப்புக்கு உதவிவிடாது. நல்லவேளை, பாலிசி ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சில பிடித்தங்கள் போக மீதி வந்துவிடும். ஏஜென்ட்டிடம் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள், இந்த வாரமே நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.