ஜெர்மனியில் ஓராண்டு சேவை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. உளவியல் படித்தவள். ஜெர்மனியில் மாற்றுத்திறன் குழந்தைகளோடு ஓராண்டு தொண்டு செய்ய ஆசைப்படுகிறாள். இடம் வாங்கித் தர ஏஜென்ட் ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள். அங்கே இதற்குச் சட்டப்படியான இரண்டு திட்டங்கள் உண்டு. எஃப்.எஸ்.ஜே. (தன்னார்வ சமூக ஆண்டு) 27 வயது நிறையாதவர்களுக்கானது. 2011இல் தொடங்கிய பி.எஃப்.டி.க்கு (கூட்டாட்சி அரசின் தன்னார்வச் சேவை) மேல் வயது வரம்பு இல்லை. இரண்டுமே வழக்கமாக 12 மாதம், பொதுவாக அதிகபட்சம் 18 மாதம். மாதம் ஒரு கைச்செலவுத் தொகையும், மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சமூகக் காப்பீடும் கிடைக்கும். தொண்டு அமைப்புகளுக்கு மகளே நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் செலவு மொழி வகுப்பு, தேர்வு, விசா, பல நேரங்களில் விமானச் சீட்டு.

தங்குமிடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில அமைப்புகள் விருந்தோம்பும் குடும்பத்தில் இடம் தரும். சில, அறையை நீங்களே தேடச் சொல்லும். கைச்செலவு எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, அறை வாடகை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விசாவுக்கு அந்த ஒப்பந்தம் வேண்டும். பெரும்பாலான இடங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்குவதால் ஓராண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரை படிக்கட்டும். பேச்சு தெளிவில்லாத குழந்தை தண்ணீர் கேட்பதைப் புரிந்துகொள்ள ஏ1 என்ற தொடக்க நிலை போதாது.

1970க்குப் பிறகு பிறந்தவர்கள் அங்கே குழந்தைகள் நிறுவனத்தில் வேலை செய்யத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணைக்கும் சான்று காட்ட வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றலை உறுதிசெய்து மருத்துவரிடம் சான்று பெறலாம்.

கேள்வி: குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான் செய்ய வேண்டியிருக்குமா? முன் அனுபவம் இல்லை.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: செய்ய வேண்டியிருக்கும். சிறப்புப் பள்ளி என்றால், பேருந்திலிருந்து இறக்கிக் கோட்டைக் கழற்றுவதில் தொடங்கி டயபர் மாற்றுவது வரை. இதில் தயக்கம் இருந்தால் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் செய்துகாட்டாத எதையும் தனியாகச் செய்யாதீர்கள்.

மிகுந்த கவனம் ஊட்டுவதில் வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. இடுப்பு நாற்காலியின் பின்புறம் ஒட்டியிருக்க வேண்டும், பாதங்களுக்குத் தாங்கல் வேண்டும், முகவாய் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் கரண்டி மேலிருந்து வரும்; குழந்தை அண்ணாந்துவிடும்; அந்த நிலையில் பாதுகாப்பாக விழுங்குவது கடினம். அதனால் எதிரே, குழந்தையின் கண் மட்டத்தில் உட்காருங்கள். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்தது. நம் வீட்டு 'இன்னும் ஒரே ஒரு வாய்' இங்கே கூடாது. குரல் ஈரமாகக் கரகரத்தாலோ கண்ணில் நீர் வந்தாலோ நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். இருமல் வராமலேயே உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதும் உண்டு. பானத்தைக் கெட்டியாக்கும் பொடியைக் குழந்தையின் குறிப்பேட்டில் உள்ள அளவுப்படியே கலக்க வேண்டும், கண்ணளவு வேண்டாம். சாப்பிட்ட பின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

சக்கர நாற்காலியிலிருந்து மாற்றும்போது முதலில் இரண்டு பிரேக்கையும் போட்டு, கால்தாங்கியை மடக்குங்கள். கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ தூக்காதீர்கள். தசை வலுவில்லாத குழந்தைக்குத் தோள்மூட்டு விலகிவிடலாம். நடைபாதை விளிம்பில் இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கட்டும்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பும் கொடுக்காதீர்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். அவசர மருந்தைப் பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தை முடியைப் பிடித்து இழுத்தால் அதைக் குறும்பு என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்கிறது. ஒரு சிறிய வாக்கியம் பேசிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். அன்று அடுத்தடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்குக் காட்டும், சுவரில் உள்ள படஅட்டை வரிசையை உங்கள் வசதிக்காக மாற்றாதீர்கள். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது.

கேள்வி: விருந்தோம்பும் குடும்பத்தில் வீட்டுவேலை செய்யச் சொன்னால்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தட்டு கழுவுவது, குப்பையைப் பிரித்துப் போடுவது, உங்கள் அறையைக் கூட்டுவது எல்லாம் வீட்டில் ஒருவராக இருப்பதன் பங்கு. அவர்கள் பிள்ளைகளைத் தினமும் பார்த்துக்கொள்வது உங்கள் வேலையல்ல; அது ஓ-பேர் என்ற தனித் திட்டம், தனி விசா. அப்படிக் கேட்டால் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். வீடு மாற்றிக் கேட்பது தவறில்லை.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப்படிவம் தேவை. முதல் நாளே கேளுங்கள். அடுக்குமாடியின் பொதுச் சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். சாவி இழப்பையும் சேர்த்த பொறுப்புக் காப்பீடு (உங்களால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுகட்டுவது) உங்களுக்கு இருக்கிறதா என்று அமைப்பிடம் கேட்டு வையுங்கள். இரவு உணவு பல வீடுகளில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான், சூடாக எதுவும் இருக்காது. சைவம் என்றால் முட்டை உண்டா இல்லையா என்பது வரை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். தாளித்துச் சமைக்க எந்த நேரம் தோது என்று கேட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

கேள்வி: ஓராண்டு முடியாது. விடுமுறையில் இரண்டு வாரம் போகலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: குழந்தைகளின் அன்றாடப் பராமரிப்புக்கு வேண்டாம். உங்கள் கையால் சாப்பிடப் பழகுவதற்கே அவர்களுக்குச் சில வாரம் ஆகும். பழகியதும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். இரண்டு வாரம்தான் இருக்கிறதென்றால் தோட்டம், வண்ணம் பூசுதல், விளையாட்டு விழா ஏற்பாடு போன்ற வேலைகளைக் கேட்டுப் பாருங்கள்.